கண்கட்டியும் கைப்பேசியும்

கண் இமையில் கட்டி. 'ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், போனிலேயே டாக்டரிடம் காட்டலாம்' என்கிறாள் மகள். இதென்ன கண்கட்டு வித்தை?
– வாசகர், மேல்பட்டாம்பாக்கம்

வித்தையல்ல, கண்கட்டி வைத்தியம்! வயிற்றுவலி என்றால் டாக்டர் தொட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். கண்கட்டியை யாரும் தொடாமல் இருப்பதே நல்லது, பார்த்தாலே தெரிந்துவிடும். மத்திய அரசின் இ-சஞ்சீவனி 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க வழி செய்தது. கட்டணம் கிடையாது. அந்த ஆண்டு அதை நாட்டிலேயே அதிகம் பயன்படுத்தியது நம் தமிழ்நாடுதான். வேறு செயலி வழியாகப் போனாலும், மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அவர் சொல்லப்போவதும் பெரும்பாலும் ஒத்தடம்தான்: வெந்நீரில் நனைத்த சுத்தமான துணி, பொறுக்கும் சூடு, 10 நிமிடம், நாளுக்கு 3, 4 முறை. ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். பிதுக்கவே கூடாது. கட்டிக்கு நாமக்கட்டியும் வேண்டாம்.

பார்வை மங்கினாலோ, வீக்கம் கன்னத்துக்கு இறங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, போனைப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ்ஸைப் பிடியுங்கள்.

போன கட்டி திரும்பத் திரும்ப வருகிறதே?
– வாசகி, நெல்லிக்குப்பம்

கண்ணில் கசப்பு, காரணம் ரத்தத்தில் சர்க்கரையாக இருக்கலாம். பரிசோதித்துவிடுங்கள். வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வந்தால் கண் டாக்டர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். இமைச் சுரப்பியில் வரும் புற்றுநோய் அபூர்வம்தான். ஆனால் அது சாதாரணக் கட்டி போலவே வந்து உட்காரும்.