சாக்கு போக எடை

மெஷின் 92.400 காட்டியது. அவர் அதைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பதற்றம் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பையன் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து நீட்டினால் வாத்தியார் பார்ப்பாரே, அந்தப் பரிவுதான் இருந்தது.

"இது மொத்த எடை சகலை. இனிமேதான் கழிவு."

இது எந்தத் தனி மனிதரையும் பற்றியதல்ல. உடம்பைக் குறைக்கப் புறப்பட்டவர்களில் ஊருக்கு ஊர் இருக்கும் ஒரு வகையைப் பற்றிப் பொதுவாகத்தான் எழுதுகிறேன். இந்த வகையினர் பெரும்பாலும் அறுபத்திரண்டு வயதுக்காரர்கள். மதுராந்தகம் பக்கம் ஒரு நெல் மண்டியில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவர்கள். செங்கல்பட்டில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர்கள். மற்றபடி யாரையும் குறிப்பிடவில்லை.

மண்டியில் நெல்லை மூட்டையோடுதான் தராசில் ஏற்றுவார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, பதருக்கும் மண்ணுக்கும் இவ்வளவு என்று கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சீட்டில் ஏறும் எடை. விவசாயி கொண்டுவந்ததற்கும் சீட்டில் எழுதியதற்கும் நடுவே மறைந்த நெல் எங்கே போனது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சம்பந்தம் கெட்டுவிடும். ஓய்வு பெற்றபின் அந்தத் திறமை சும்மா கிடந்தது. போன வருஷம் டாக்டர், "சர்க்கரை எல்லையில நிக்குது, எடையைக் குறைங்க" என்றார். டாக்டர் சொன்னது ஒரு பாஷை. இவர் காதில் விழுந்தது மண்டி பாஷை. அன்றிலிருந்து குறைத்துக்கொண்டே இருக்கிறார்.

கழிவு தொடங்கியது. செருப்பு 350 கிராம். கவரோடு செல்போன் 230. பர்ஸ் 180, அதில் பணம் அதிகம் இல்லை, பழைய ரசீதுகள்தான், ஆனால் காகிதம் கனம். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத மூன்று சாவிகள் எல்லாம் சேர்த்து 120. கண்ணாடி 40. பெல்ட் 200. சட்டை, பேன்ட், உள்ளே இருப்பது உட்பட 900. இதெல்லாம் சாக்கு.

"அடுத்தது ஈரம்" என்றார். "நெல்லுக்கே 17 சதவீதம் ஈரம் வரைக்கும்தான் சர்க்கார் கொள்முதல்ல எடுத்துக்குவான். மேல போனா காயவச்சு எடுத்தான்னுடுவான். மனுஷன் உடம்புல அறுபது சதவீதம் தண்ணியாமே?"

அப்படிக் கழித்தால் அவர் 37 கிலோ வருவார், ஐந்தாம் வகுப்பு யூனிஃபார்ம் எடுத்துவிடலாம் என்றேன். கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். பிறகு பெருந்தன்மையாக, "வேணாம். நியாயம்னு ஒண்ணு இருக்குதில்ல. இன்னிக்குக் குடிச்ச தண்ணியை மட்டும் கழிச்சிக்க" என்றார். தண்ணீர் 500, டீ 150.

"அப்புறம் இட்லி."

"இட்லியா?"

"காலையில சாப்பிட்ட நாலு இட்லி, சாம்பாரோட 400 கிராம். அது இன்னும் உடம்பா மாறலையே சகலை. லாரியில இருந்து இறக்காத சரக்கு. அதை எப்படி நம்ம கணக்குல வரவு வைக்கிறது?"

கடைசியாக மெஷின் கழிவு. வெயிலில் நின்று ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஒரு கிலோ. இது எலக்ட்ரானிக் மெஷின், ஸ்பிரிங்கே கிடையாது என்று மருந்துக்கடைப் பையன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "அப்ப பேட்டரி தளர்ந்திருக்கும்" என்றார். மொத்தம் 4 கிலோ 70 கிராம் போக, நிகர எடை 88.330. அந்த முப்பது கிராமைக்கூட அவர் விட்டுவிடவில்லை. நேர்மையான மனிதர்.

போன மாதம் நிகர எடை 88.900. ஆகவே இந்த மாதம் 570 கிராம் குறைந்திருக்கிறார். மொத்த எடை அப்போது 91.600 இருந்ததே என்று கேட்டால், "அப்ப இந்த செருப்பு இல்ல" என்பார்.

இவருக்கு எடை மெஷினோடு உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. ரயில்வே ஸ்டேஷன்களில் முன்பு பெரிய எடை மெஷின் நிற்குமே, கலர் பல்புகள் மினுக்கும், உள்ளே ஒரு சக்கரம் சுற்றும், காசைப் போட்டால் டொக் என்று ஒரு அட்டை விழும், ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் சோசியமும் இருக்கும். கல்யாணமான புதிதில் எடுத்த அப்படி ஓர் அட்டையை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார். 61 கிலோ. பின்பக்கம், நல்ல வளர்ச்சி காத்திருப்பதாகப் போட்டிருக்கிறது. சோசியத்தை நம்பாதவர்கள் இவரை வந்து பார்க்கலாம்.

இடுப்புச் சுற்றுக்கு மட்டும் கொஞ்சம் தடுமாறினார். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஆபத்து என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது, கொழுப்பு வயிற்றுக்குள்தான் முதலில் இடம் பிடிக்கிறது என்பதால். நர்ஸ் நாடாவைச் சுற்றினார், 106. நாடாவுக்குச் செருப்பு இல்லை, சாவி இல்லை. இரண்டு நாள் வாடிப்போய் இருந்தார். மூன்றாம் நாள் போன் வந்தது: "சகலை, அந்த அம்மா அளக்கும்போது நான் மூச்சு உள்ளே இழுத்திருந்தேன். மூச்சுக் கழிவு போடலையே."

சாப்பாட்டுக்கும் கழிவு உண்டு. மீனில் முள் போக. மாம்பழத்தில் கொட்டை போக. மெதுவடையில் ஓட்டை போக. இரண்டு வடைக்கு இரண்டு ஓட்டை என்றால், சேர்த்துப் பார்க்கும்போது முக்கால் வடை சாப்பிடவே இல்லை என்று எனக்கு ஒரு முறை தட்டில் விரலால் வரைந்து காட்டினார். திருக்கழுக்குன்றம் மலைக்கு மாதம் ஒரு முறை படியேறுகிறார். ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே முன்பெல்லாம் உச்சிவேளையில் கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும், இப்போது பல வருஷமாக வருவதில்லை. "பாவம், யாராவது சாப்பிடணும் இல்ல?" என்றபடி கையோடு கொண்டுபோன தூக்கைத் திறப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் மாமல்லபுரம் போனோம். வெண்ணெய் உருண்டைப் பாறையின் அடியில் எல்லோரும் போல இவரும் இரண்டு கையையும் மேலே தூக்கி, தாங்கிப் பிடிப்பதுபோல நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அன்றைய உடற்பயிற்சி முடிந்தது. 1908-ல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் கல் அசையவில்லை என்று பக்கத்தில் ஒரு கைடு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். எடை 250 டன் என்றதும் இவர் திரும்பினார்.

"எதுல வச்சு எடை போட்டாங்க?"

கைடு முழித்தார்.

"கண் மதிப்புதானே? மண்டியில இப்படி எழுதினா சீட்டைக் கிழிச்சு மூஞ்சியில போடுவாங்க."

அங்கிருந்து அர்ச்சுனன் தபசு. அது அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. யாராக இருந்தாலும் ஒற்றைக்காலில் நிற்கும் அந்த மனிதருக்கு விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாக்கு எடைகூட இல்ல" என்றார், கொஞ்சம் பொறாமையோடு. என் மகள் அதற்குள் கீழே பூனையைக் கண்டுபிடித்துவிட்டாள். பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை. காலடியில் எலிகள் அதைச் சாமியாராக நம்பி நிற்கின்றன. கதையைக் கேட்டுவிட்டு, சத்தமாக, "பெரியப்பா மாதிரியே!" என்றாள். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "பூனை நல்லா மெலிஞ்சிருக்கே" என்று சந்தோஷப்பட்டார். பிறகு கடற்கரையில் சங்கரா மீன் வறுவல், முள் போக.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொளவாய் ஏரிப் பக்கம் நடப்பார், யாராவது பேச்சுக் கொடுத்தால் நிற்பார், யாரும் கொடுக்கவில்லை என்றால் இவர் கொடுப்பார். எடையில் கழிக்கிறவர் தூரத்தில் கூட்டுவார். 2023 நவம்பரில் அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை என்று திட்டம் தொடங்கியபோது, வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு ஸ்கூட்டரில் போன தூரத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டார். தினம் பத்தாயிரம் அடி என்ற கணக்கு, 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் நடைமானியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது என்று எங்கோ படித்து நான்தான் வாய் தவறிச் சொன்னேன். மறுநாளிலிருந்து மூவாயிரத்தில் திரும்பிவிடுகிறார்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து, 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னேன். இவரைப் போலவே சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேர். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினம் அரைமணி நடை, இனிப்பும் எண்ணெயும் குறைவு என்று பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவே. இதில் வேடிக்கை, பழக்கத்தை மாற்றியவர்களின் எடை பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை. எடையைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், விடாமல் நடங்கள், அதுதான் காக்கும் என்று சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

"எடை குறையலையா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "எடை குறையாமலே நல்லதா? இதை ஏன் சகலை முன்னாடியே சொல்லல?"

நடையும் தீனியும் கழிவில் போயின. இது மட்டும் நின்றது.

சரி, இவர் எப்படியோ போகட்டும். எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் உண்மையாகவே சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் மூன்றாகிவிட்டது. காபியில் சர்க்கரை இல்லை. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள் முடிகிறது. இதில் ஒன்றுகூட இவர் செய்ததல்ல. அக்கா செய்தது. காலையில் இவருக்குத் தினை உப்புமா, ஆபீஸ் போகும் பையனுக்குச் சோறு, மாமியாருக்குக் கஞ்சி, மூன்று அடுப்பு வேலை. ஐந்தரைக்கு இவர் நடக்கப் புறப்படும்போது கையில் காபி இருக்க வேண்டும். ஐந்தரைக்கு அவள் நடக்கப் போனால் இவர் கையில் என்ன இருக்கும்? முட்டிவலி என்று அவள் சொல்லி இரண்டு வருஷமாகிறது. சர்க்கரை பார்த்தாளா என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். இவர் தட்டைத் தள்ளி, "போதும், கன்ட்ரோல்" என்று சபையறிய மூன்றாவது தோசையை வேண்டாம் என்பார். அந்தத் தோசை எங்கே போகிறது? வீணாகக்கூடாது என்று அவள் தட்டுக்குப் போகிறது. மண்டியில் கழித்த நெல் எங்கே போனது என்று கேட்காதவன், இதை மட்டும் கேட்கிறேன்.

போன வாரம் மூவரும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காய் வாங்கிக்கொண்டு வரும்போது, இவர் வழக்கம்போல் மருந்துக்கடை வாசலில் நின்றார். என்ன நினைத்தாளோ, அக்கா முந்திக்கொண்டு மெஷின்மேல் ஏறினாள். கையில் பெரிய பை: இரண்டு தேங்காய், ஒரு பூசணிக்கீற்று, முருங்கைக்கீரை, ஒரு லிட்டர் கடலெண்ணெய். 71.800. பார்த்தாள், "ம்" என்றாள், இறங்கிவிட்டாள். பையைக் கழிக்கவில்லை. செருப்பைக் கழிக்கவில்லை. இவருக்குத் தாங்கவில்லை.

"பையோட ஏறிட்டியே!"

"எப்பவும் பையோடதானே நடக்கறேன்" என்றாள்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. கை நீட்டி அந்தப் பையை வாங்கிக்கொண்டார். முப்பத்தாறு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. இந்தக் கட்டுரையில் பாதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா கையை உதறிவிட்டுக்கொண்டு, வெறுங்கையோடு, கொஞ்சம் வேகமாகவே முன்னால் நடந்தாள்.

திரும்பினால், இவர் பையோடு மெஷின்மேல் நிற்கிறார்.

"பை நாலு கிலோ இருக்கும் சகலை, கழிச்சிக்க" என்றார். "இரு, அஞ்சா போடு. தேங்கா இருக்குதில்ல."