நூறு நிட்டும் மாமா வீட்டு டிவியும்

கலர் கிரேடிங் அறையில் சுவர்கூடச் சாம்பல் நிறம்தான். வேறு சாயம் அடித்தால் கண் ஏமாந்துவிடுமாம். மானிட்டரின் நெற்றியில் அளவுக் கருவியைத் தொங்கவிட்டு, வெண்மை 6500 கெல்வின், வெளிச்சம் 100 நிட், காமா 2.4 என்று கலரிஸ்ட் மல்லுக்கட்டுவார். அந்நேரம் யாராவது கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டால் தொலைந்தார்.

இவ்வளவும் முடிந்து படம் எங்கள் மாமா வீட்டு டிவிக்கு வருகிறது. கடையில் பளபளத்த அதே 'விவிட்' மோடு, வாங்கிய நாளிலிருந்து மாறவில்லை. கதாநாயகி முகம் கேசரி. வயல், பச்சை ரெக்சின். மனசு கேட்காமல் 'சினிமா' மோடுக்கு மாற்றினேன்.

"என்ன மாப்ளே, எல்லாருக்கும் மஞ்சக் காமாலையா? பழையபடி வைடா!"

ரிமோட்டை வாங்கிக்கொண்டார். அதன் பாலித்தீன் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை.