காசில்லாக் கச்சேரி

கேள்வி: பர்ஸ் காலி. தஞ்சாவூர்ப் பக்கம் நல்ல சங்கீதம் கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கு நுழைவுச் சீட்டே கிடையாது. உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவரின் வாசலில் டிக்கெட் கிழித்தால் நன்றாகவா இருக்கும்? அவர் மறைந்தது 1847 ஜனவரி 6, புஷ்ய பகுள பஞ்சமி. ஆண்டுதோறும் அந்தத் திதியில் காலையில் காவிரிக் கரைப் பந்தலில் நூற்றுக்கணக்கான வித்வான்கள் தரையில் அமர்ந்து, தொடையில் தாளம் தட்டி, பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ராகம் ஐந்து. தாளம் ஒன்றே, ஆதி. தாளம் தப்புகிறவரும் பக்கத்துத் தொடையைப் பார்த்துச் சமாளிக்கலாம். முன்வரிசைக்கு விலை, விடியற்காலைத் தூக்கம்.

சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதே இடத்தில் பெண்கள் பாட அவர் போராட வேண்டியிருந்தது என்பதையும் கேட்க வருகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நாடகப் பிரியர்களுக்கு மெலட்டூர். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா. பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். இரவு நெடுநேரம் நீளும், கோடைப் புழுக்கம் வேறு. விசிறி கொண்டு போகவும்.