இல்லாமைக்கு 18 சதவீதம்

கணக்கில் பணம் இல்லை என்பதற்காக என் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டார்கள். விடுகதை போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியின் சாரம் இதுதான். குறைந்தபட்ச இருப்பு இல்லையாம். அதற்கு அபராதம். அபராதத்துக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இதையெல்லாம் பிடித்தபின் இருப்பு இன்னும் குறைந்தது. அடுத்த மாத அபராதத்துக்கு அடித்தளத்தை அவர்களே போட்டுக்கொடுத்தார்கள்.

ஜி.எஸ்.டி. என்பது பொருளுக்கும் சேவைக்கும் போடும் வரி. இதில் பொருள் எதுவும் கைமாறவில்லை. அப்படியானால் எனக்குச் செய்த சேவை எது? நிறைய யோசித்துப் பார்த்ததில், என்னிடம் பணம் இல்லை என்பதை எனக்கு எடுத்துச் சொன்னதுதான் தட்டுப்பட்டது. அந்தச் சேவையை எங்கள் வீட்டில் பல வருடங்களாக வரியில்லாமல் செய்து வருகிறார்கள்.

2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பாப்கார்னைப் பற்றி ஒரு தெளிவு தந்தது ஞாபகம் இருக்கலாம். உப்புக்காரம் தூவி உதிரியாக விற்றால் 5 சதவீதம், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 12, கேரமல் பூசினால் 18. ஆக என் வறுமை கேரமல் ரகம் என்று தெரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் கோவையில் ஓட்டல் அதிபர் ஒருவர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர்கள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள் என்று நிதியமைச்சரிடமே முறையிட்டார். நாடு சிரித்தது. ஓரிரு நாளில் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் வீடியோ வந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. 2025 செப்டம்பரில் வரி அடுக்குகளைக் குறைத்தபோது கேரமல் பாப்கார்ன்கூட 5-க்கு இறங்கிவிட்டது. என் வறுமை மட்டும் 18-லேயே நிற்கிறது.

இது என் ஒருவன் கதை என்றால் வெளியில் சொல்லாமல் இருந்திருப்பேன். 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டுமே இந்தக் குறைந்தபட்ச இருப்பு அபராதமாகச் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். தனியார் வங்கிகள் இந்தக் கணக்கில் வராது. இல்லாதவர்களிடம் இவ்வளவு இருந்திருக்கிறது! ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தை 2020-லேயே நிறுத்திவிட்டது. 2025-இல் வேறு சில பொதுத்துறை வங்கிகளும் நிறுத்தின. நல்லது. அதே 2025 ஆகஸ்டில் ஒரு பெரிய தனியார் வங்கி, பெருநகரங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் மாதச் சராசரியாக 50,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. ஊர் கூச்சல் போட்டது. சில நாளில் 15,000-க்கு இறங்கி வந்தது. ஒரு கூச்சலின் மதிப்பு 35,000 ரூபாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருமுனை வீட்டில் ஒருவர் இருக்கிறார். சென்னையின் ஓ.எம்.ஆர். சாலைக்கு அந்தப் பெயரே பிறக்காத காலத்தில், அந்தப் பக்கம் அவருடைய தாத்தா வராத கடனுக்கு ஈடாக ஒரு பொட்டல் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு, சாகும்வரை அதைத் திட்டிக்கொண்டிருந்தாராம். பேரனை அந்தப் பொட்டல் கைவிடவில்லை. அவருக்கு ஒரு வங்கியில் ரிலேஷன்ஷிப் மேனேஜர் உண்டு. டை கட்டிய தம்பி. பாரங்களைத் தானே பூர்த்தி செய்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் டிக் அடித்து வீட்டுக்கே கொண்டுவருவார். பிறந்த நாளுக்குக் கேக். அந்தக் காலத்தில் வங்கிக்காரர் வீட்டுப் படியேறினால் ஜப்திக்கு வருகிறார் என்று அக்கம்பக்கம் கூடிவிடும்.

ஒரு நாள் அவரிடம், “சார், உங்க அக்கவுண்ட்ல மினிமம் பேலன்ஸ் எவ்வளவு வெச்சிருக்கணும்?” என்று கேட்டேன்.

“அப்படின்னா?” என்றார்.

நடிக்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஓ.டி.பி. வராமல் மொட்டைமாடிக்கு ஓடுவது, சர்வர் டவுன் என்று திரும்பி வருவது, ஜெராக்ஸின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போடச் சொல்வது, எதுவும் தெரியவில்லை. அவருடைய உலகம் 1975-இல் என் அப்பா வாழ்ந்த உலகத்தைவிட எளிமையாக இருக்கிறது. உலகம் சிக்கலாகிவிட்டது என்று நாம்தான் புலம்புகிறோம். சிக்கலையும் சம்பளத்துக்கு ஆள்போட்டுச் சுமக்க வைக்கலாம் என்பது அங்கே போனால் புரிகிறது. ஆள்போட முடியாதவன் தானே சுமக்கிறான். சுமக்கும்போது கை தவறினால் அபராதம்.

கே.ஒய்.சி. என்கிற அடையாளச் சரிபார்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அபாயம் அதிகமான வாடிக்கையாளரிடம் 2 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தர அபாயம் என்றால் 8 ஆண்டுக்கு ஒருமுறை, அபாயம் குறைந்தவரிடம் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். எனக்கு அழைப்பு வரும் வேகத்தைப் பார்த்தால் இந்த நாட்டின் நிதிக் கட்டமைப்பே என்னைக் கண்டு நடுங்குகிறது என்று தோன்றியது. வீட்டில் சொன்னேன். “உங்களாலயா?” என்று கேட்டுவிட்டு மனைவி தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

இதில் தமிழனாகப் பிறந்தவனுக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தோம். பாரத்தை அச்சடித்தவருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வேண்டியிருக்கிறது. கடைசிப் பெயருக்கு எங்கே போவது? பான் கார்டில் இனிஷியல் கூடாது, விரித்து எழுது என்றார்கள். விரித்தேன். அதில் அப்பா பெயர் பின்னால் போய்ச் சேர்ந்தது. ஆதாரில் இனிஷியல் முன்னால் நிற்கிறது. பாஸ்புக்கில் இனிஷியல் புள்ளியில்லாமல் பெயரோடு ஒட்டிக்கொண்டு, நான் ஏதோ ஆந்திர எல்லையிலிருந்து வந்தவன் மாதிரி ஒரு புதுப்பெயர் உண்டாகியிருக்கிறது. மூன்று பேரும் நானே என்று நிரூபிக்க நான்காவதாக ஒரு ஆவணம் கேட்கிறார்கள். அதில் இருப்பதும் இன்னொரு ஆள்.

இதன் பக்கவிளைவாக என் அப்பா சாகாவரம் பெற்றுவிட்டார். எல்லாக் கணினியிலும் கடைசிப் பெயர் அவருடையது. ஆகவே மதியம் கண் அசரும் நேரத்தில் ஒரு பெண் குரல் அவர் பெயரைச் சொல்லி, சார் போட்டு, பர்சனல் லோன் தயாராக இருக்கிறது என்கிறது. உயிரோடு இருந்தவரை ஒரு கைமாற்றுக்கு அவர் எத்தனை வாசலில் நின்றார் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பெயர்க் குழப்பத்தோடுதான் பானையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னார்கள். 2022 மார்ச் வரை இலவசம். பிறகு 500, ஜூலையிலிருந்து 1,000 ரூபாய். தெருமுனைக்காரரின் ஆடிட்டர் அவருக்கு எப்போது இணைத்தார் என்பதே அவருக்குத் தெரியாது. ஆயிரம் ரூபாய் கட்டியவர்கள், பெயர் பொருந்தவில்லை என்று இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள்தாம்.

என் அம்மா குடும்ப ஓய்வூதியக்காரர். ஏப்ரல் பிறந்தால் வங்கியில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும்; வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லை என்பது அதன் தாத்பரியம். நவம்பர் பிறந்தால் உயிர்ச்சான்று. போன நவம்பரில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது கேட்டாள்: “ஏண்டா, இவ்வளவு கொஞ்ச வருமானத்துல எப்படி உயிரோட இருக்கேன்னு விளக்கம் கேட்டு ஜனவரியில ஒரு பாரம் வருமா?”

சிரித்தேன். ஆனால் வரலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பாஸ்புக் வைத்திருப்பவனின் சிணுங்கல். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் விஷயம் வேறு. ரேஷன் கடையில் விரல்ரேகை வைத்தால்தான் அரிசி. ஒரு நாள் வெறும் பையோடு வந்தார்.

“ரேகை விழலைன்னுட்டாங்க சார். பத்து விரலும் வெச்சுப் பாத்தாச்சு. துணியில தொடச்சிட்டு வைக்கச் சொல்றாங்க, எண்ணெய் தடவிட்டு வைக்கச் சொல்றாங்க. ஒண்ணும் ஆவல. நாளைக்கு வான்னுட்டாங்க.”

“அக்கா கையக் காட்டுங்க” என்றாள் என் மனைவி.

பார்த்தோம். வழவழவென்று இருந்தது. விழுந்திருந்தால்தான் ஆச்சரியம். அவர் ரேகையில் பாதி எங்கள் வீட்டு அடிப்பிடித்த குக்கரில் போயிருக்கும், மீதி அடுத்த தெரு வீடுகளில். உழைத்ததற்குச் சாட்சியாக இருக்கிற கையைத்தான், நீ நீயில்லை என்று இயந்திரம் திருப்பி அனுப்புகிறது. சித்தாள், கொத்தனார், நாற்று நடுகிறவர், சாயப்பட்டறையில் வேலை செய்தவர் என்று யாருக்கு அரிசி அவசியமோ அவர்கள் விரல்தான் முதலில் தேய்கிறது. தெருமுனைக்காரருக்கு ரேகை பளிச்சென்று இருக்கிறது. தொட்டால் போன் திறக்கிறது, கார் திறக்கிறது. கண்ணை வைத்து அடையாளம் காணும் கருவியும் ரேஷன் கடைகளுக்கு வந்திருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். “கண்ணு ஆபரேசன் பண்ணிருக்கேனே, ஒத்துக்குமா சார்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பொருளியலறிஞர் தாமஸ் பிக்கெட்டியும் வேறு மூவரும் 2024 மார்ச்சில் இந்தியாவைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 2022-23 நிலவரப்படி நாட்டின் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தாரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கல்யாணப் பந்தியில் நூறு பேர், நூறு லட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இலையில் நாற்பது லட்டு. ஐம்பது பேர் ஆறு லட்டைப் பிட்டுத் தின்கிறார்கள். இதுகூட எனக்குப் பழகிவிட்டது. நாற்பது லட்டுக்காரரை வாசலில் யாரும் நிறுத்துவதில்லை, இந்த ஐம்பது பேரிடம்தான் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள் என்பதுதான் பழக மறுக்கிறது.

ஏழுமலையானைப் பார்க்கவும் இலவச வரிசை ஒன்று, 300 ரூபாய் வரிசை ஒன்று, ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 நன்கொடை கொடுத்து 500 ரூபாய்க்குத் தனியாக டிக்கெட் எடுக்கும் வழி ஒன்று. பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கியவர் என்பது ஐதீகம். அவர் நிலைமையும் நம் மாதிரிதான் போலிருக்கிறது என்று இலவச வரிசைக் கூண்டில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வேன்.

சொத்து வைத்திருப்பதற்கென்று ஒரு வரி இந்த நாட்டில் இருந்தது. 1957-இல் வந்தது. 2015 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதை எடுத்துவிட்டார். வசூலிக்கும் செலவு அதிகம், வரவு குறைவு என்பது காரணம். 2013-14-இல் கிடைத்தது 1,008 கோடிதான். பதிலுக்கு ஆண்டு வருமானம் ஒரு கோடியைத் தாண்டியவர்களுக்கு 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜ் போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த 1,008 கோடியின் பக்கத்தில் முன்னே சொன்ன 8,500 கோடியை வைத்துப் பார்க்கிறேன். ஆண்டுக்குச் சராசரி 1,700 கோடி. இருப்பவனைத் தேடிப்பிடித்து, வக்கீலோடு வாதாடி வாங்குவதற்குச் செலவாகிறது. இல்லாதவனிடம் அந்தத் தொந்தரவு இல்லை. மாதக் கடைசியில் கணினி தானே எடுத்துக்கொள்கிறது.

ஒரு தகவல், உபயோகப்படுகிறவர்களுக்கு: அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. அரசு வங்கியானாலும் தனியார் வங்கியானாலும் கேட்கிறவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. அந்த வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக்கூடாது, மாதத்துக்கு இத்தனை முறைதான் இலவசமாக எடுக்கலாம் என்று அதிலும் நிபந்தனைகள் உண்டு. கவுன்டரில் அவர்களாகச் சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்.