பினாங்கு, நாற்காலிக்கு நாற்காலி

வார இறுதிக் கப்பல் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு பொதுக் குறை உண்டு: அவர்களுக்கு முட்டி வலிப்பதில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் ஏறி, நடுவில் ஒரு நாள் பினாங்கில் இறங்கித் திரும்பும் பயணத்துக்கு அவர்கள் எழுதும் தாளில் கோட்டை, மணிக்கூண்டு, சுவரோவியம், கேக் லோக் சி கோயில், பினாங்கு மலை, தண்ணீர்மலை முருகன் என்று ஆறு பெயர் இருக்கும். கடைசியில் 'நேரமிருந்தால் கடைவீதி' என்றும் இருக்கும். உட்கார இடம் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது, கழிவறையும் அப்படியே. 75 வயதில் கைத்தடியோடு கரையிறங்குகிறவருக்கு ஊரைக் கிலோமீட்டரில் அளந்து பயனில்லை, நாற்காலிக்கு நாற்காலி அளக்கவேண்டும். என் கட்சி இதுதான்: முதியவர்களோடு போகும் துறைமுக நாளில் முதலில் குறிக்கவேண்டியவை நாற்காலியும் கழிவறையும். அவற்றுக்கு நடுவே ஊர் ஏதாவது அகப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கப்பல் எட்டு மணி நேரம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டும் நமக்கே என்று நினைப்பது, சம்பளம் முழுவதும் கைக்கு வரும் என்று நினைப்பதைப் போல. பிடித்தம் நிறைய உண்டு. கப்பல் கரை தொட்டவுடன் கதவு திறக்காது, அதிகாரிகள் அனுமதி தரவேண்டும். திறந்தபின் ஊரே மின்தூக்கி வாசலில் நிற்கும். சக்கர நாற்காலிக்கு யாராவது மனமிரங்கி வழிவிடுவதற்குள் கதவு நாலு தடவை மூடித் திறக்கும். ஒரு மணி போயிற்று. திரும்பும்போது ஒரு மணி முன்னாலேயே வந்துவிடவேண்டும். கப்பல் என்ன பேருந்தா, கையைக் காட்டினால் நிற்க? பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெயில் எடுத்துக்கொள்ளும். இரத்த அழுத்தத்துக்குக் காலையில் போடும் மாத்திரைகளில் சில, நீரைப் பிரிக்கும் வகை. அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஊரின் தலைசிறந்த காட்சி கழிவறைதான். (நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும், மருமகனிடம் அல்ல.) இதற்கு ஓர் அரை மணி. மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். ஆறு இடத்துக்கு வகுத்தால் தலைக்கு 25 நிமிடம், காரில் ஏறி இறங்குவதும் அதற்குள் அடக்கம். முட்டி மடங்காத பாட்டி காரில் ஏறுவதை யாராவது ஒருமுறை கவனித்துப் பார்க்கவேண்டும். முதுகைக் காட்டி இருக்கை விளிம்பில் அமர்ந்து, ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்து, கைத்தடி யார் பொறுப்பு என்று முடிவாகி, கதவைச் சாத்திய பிறகு சேலைத் தலைப்பு வெளியே ஆடுவதைக் கண்டு மறுபடியும் திறந்து சாத்தி முடிக்கும்போது, அந்த 25 நிமிடத்தில் ஒரு பகுதி தீர்ந்திருக்கும்.

பினாங்கைக் குறை சொல்லவில்லை. இதே வார இறுதியில் சில கப்பல்கள் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும், விளம்பரத்தில் கோலாலம்பூர் என்றிருக்கும். இரண்டுக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர் சாலை படுத்திருப்பதை விளம்பரம் சொல்லாது. அதைத் தாண்டிப் பத்துமலைக்குப் போனால் 272 படி. பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையோ ஜார்ஜ் டவுன் நகருக்குள்ளேயே இருக்கிறது. கப்பல் கரையை ஒட்டி நிற்கும். சிறு படகுக்குத் தாவுகிற வித்தை தேவையில்லை. எந்தத் துறைமுகமானாலும் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன் இந்தப் படகு விஷயத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. கரையோடு நின்றாலும் இறங்குபாலத்தின் சரிவு கடலின் ஏற்ற வற்றத்தைப் பொறுத்தது. சக்கர நாற்காலிச் சரிவுக்குப் பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு, ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம். கடலிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

மலைக்கு வருவோம். பினாங்கு மலையின் கயிற்று ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. 2011இல் புது வண்டி வந்து வேகம் கூடிவிட்டது. வரிசை மட்டும் பழைய வேகத்திலேயே நகர்கிறது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. முருகனுக்குக் குன்றென்றால் ஆசை என்பது தெரிந்ததே, ஆனால் பக்தரின் முட்டியை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. மகாமாரியம்மனுக்கு இந்த விஷயத்தில் இரக்கம் அதிகம்: 1833இல் எழுந்த அவள் கோயில் குவீன் தெருவில், தெருவோடு தெருவாக, துறையிலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விட்டால், சாமியும் ஆயிற்று, பக்கத்தில் லிட்டில் இந்தியாவும் ஆயிற்று.

'சக்கர நாற்காலி இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை?' என்பார்கள். சக்கர நாற்காலி நல்ல கண்டுபிடிப்புதான். அதற்கேற்ற தரையையும் கூடவே கண்டுபிடித்திருக்கவேண்டும். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை உண்டு, மலாயில் காக்கி லீமா. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத் தோதான நிழல். ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் தரையைத் தன் மனம்போன உயரத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு கடை அரையடி மேலே, அடுத்தது நாலங்குலம் கீழே, அதற்கடுத்ததில் நடைபாதை முழுவதும் மோட்டார் சைக்கிள். முன்சக்கரம் விளிம்பில் முட்டும், கால்வைக்கும் தகடு கல்லில் உராயும்; நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துத்தான் ஏற்றவேண்டும். ஆக, தாத்தா கடைவீதி முழுவதையும் பின்னோக்கியே பார்க்கிறார். ஒவ்வொரு கடையும் அவரைத் தாண்டிப் போன பிறகே அவருக்குத் தெரியவருகிறது. சரி, சாலைக்கு இறங்கலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். சிங்கப்பூரில் 2009 முதல், பல சந்திகளில் மூத்தோர் தம் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடிவரை கூடுதலாக நிற்கிறான். அந்த அட்டையை நம்பி வளர்ந்த கால்கள், அட்டையை அறியாத ஊரில் சாலை கடக்கவேண்டும். பதின்மூன்று விநாடி அற்பம் என்று நினைக்கிறவர் கைத்தடி பிடித்து ஒரு சாலையைக் கடந்து பார்க்கட்டும்.

இன்னொரு மறுப்பு முதியவர்களிடமிருந்தே வரும்: 'எனக்கென்ன, நான் நல்லா நடப்பேன்.' இதை நம்பலாம், முதல் 200 மீட்டருக்கு. அதற்குமேல் அவர் நின்றுகொண்டு ஏதோ கட்டடக் கலையை ரசிப்பது போலத் தெரிந்தால், அது ரசனையல்ல, மூச்சு. காசு கொடுத்து வந்துவிட்டு எல்லாவற்றையும் பார்க்காமல் போவதா என்பது மகன்மார் மறுப்பு. கார் ஜன்னல் வழியே ஆறு இடத்தைப் பார்த்தவருக்கு மறுநாள் நினைவிருப்பது ஓட்டுநரின் பிடரி ஒன்றுதான். ஓர் இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தவருக்குப் பக்கத்து மேசையில் என்ன சண்டை என்பதுவரை தெரிந்திருக்கும்.

அந்த இடம் ஒரு சாப்பாட்டுக் கடையாக இருப்பதே சிலாக்கியம். பினாங்கின் பெயர் சொல்லும் உணவு நாசி கண்டார். மூக்கு எதையோ கண்டதாகத் தமிழ்க் காதுக்குக் கேட்டாலும், மலாயில் நாசி என்பது சோறு. கண்டார் என்பது தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இருபக்கமும் பானை தொங்கத் தோளில் சுமந்து வந்த கம்பு. கம்பு போய் மேசை நாற்காலி வந்தது, முட்டியின் கோணத்தில் பார்த்தால், அந்த உணவின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம். புகழ்பெற்ற சென்டோல் என்ற இனிப்புப் பானத்தைப் பலர் சந்தில் நின்றபடியே குடிக்கிறார்கள். அந்தப் புகழ் நமக்கு ஆகாது.

கனமான கேள்வி ஒன்று மிச்சம்: இவ்வளவு பாடு எதற்கு, கப்பலிலேயே இருந்துவிடலாமே? பாதிக்கு உடன்படுகிறேன். எல்லாரும் இறங்கிய கப்பல்போல் சொகுசு வேறில்லை. மின்தூக்கி காலி, சாப்பாட்டு வரிசை காலி, கழிவறை பத்தடியில். அன்று உடம்பு முடியாதவர் இறங்காமல் இருப்பதே நல்லது, அவரை யாரும் பரிதாபமாகப் பார்க்கவேண்டாம். ஆனால் முடிந்தவர் இறங்கத்தான் வேண்டும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜுலா கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த தலைமுறைக்குப் பினாங்குதான் முதலில் கண்ணில் பட்ட மலாயா. அப்படி வந்த குடும்பத்தவருக்கு இந்தக் கரையில் ஒரு நாற்காலி போட்டு, கையில் ஒரு தே தாரிக் தேநீரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும். மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

துறைக்கருகே விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக எழுப்பிய மணிக்கூண்டு இருக்கிறது, ஆண்டுக்கு ஓரடியாக 60 அடி. போர்க்காலக் குண்டுவீச்சில் சற்றே சாய்ந்துவிட்டது. சாய்ந்தபடியே நேரம் காட்டுகிறது. அதைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு முன்னதாகவே ஏறி, மேல்தளத்தில் கம்பியோரம் நல்ல நாற்காலியாகப் பிடித்துவிடலாம். கப்பல் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால், கையில் ஆறு இடத்துத் தாளோடும் தோளில் மூன்று பையோடும் வேர்க்க விறுவிறுக்க ஓடிவருகிறவர்களில் தம் பிள்ளை யார் என்று அங்கிருந்து தெளிவாகத் தெரியும்.