நிழல் பிடிக்கும் படலம்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னைக் கார்க்காரர்களுக்கு மரங்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்கும். மார்ச்சில் "இலை கொட்டுது, வெட்டிவிடுங்க" என்று மாநகராட்சிக்கு மனுப் போட்டவரே, மே மாதம் அதே தூங்குமூஞ்சி மரத்தடியில் இடம் பிடிக்க விடியற்காலையில் வண்டியை எடுக்கிறார்.

நியாயம்தான். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். அதைத் தணிக்க ஏ.சி. கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும். அதை மிச்சம் பிடிக்க, நிழல் தேடித் தி.நகரை மூன்று சுற்றுச் சுற்றுகிறாரே, அந்தப் பெட்ரோல் யார் கணக்கு? கிடைத்த நிழலும் மதியத்துக்குள் பக்கத்து ஸ்கூட்டர் மேல் நகர்ந்துவிடும். காக்கைகள் மட்டும் நகர்வதில்லை.

கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமென்றால், 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டாயிற்று. முன்கண்ணாடிக்கு வெள்ளி மறைப்பு வைக்கலாம், உருப்படியான பொருள். கிளம்பும்போது கண்ணாடிகளை இறக்கி, வெக்கை வெளியேறியபின் ஏ.சி. போடலாம். சல்லிக்காசு செலவில்லாத யோசனை, ஆகவே மதிப்பில்லை.

எங்கள் அடுக்ககத்து அண்ணாச்சியோ மாடியிலிருந்தே ரிமோட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏ.சி.யை ஓடவிட்டு, காபி குடித்து முடித்து நிதானமாக இறங்குகிறார். மைலேஜ் சொன்னபடி தரவில்லை என்று சர்வீஸ் சென்டரில் தினமும் சண்டை.