தற்செயல் நட்பின் தோற்றமும் ஒடுக்கமும்: தம்பானூர்த் தரவுகளை முன்வைத்து

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நண்பர்களாக இருந்ததைப் பற்றித் தமிழில் எழுதித் தீர்த்துவிட்டார்கள். பார்த்து, கால் மணி நேரத்தில் முறுக்கைப் பங்கிட்டு, வீட்டுச் சொத்துத் தகராறு வரைக்கும் சொல்லி முடித்து, பெயரை மட்டும் கேட்காமல் இறங்கிப் போகிற நட்பைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. வள்ளுவர் நட்புக்கென்றே ஐந்து அதிகாரம் ஒதுக்கியவர். அவற்றில் ஒன்று நட்பாராய்தல். ஆராய்ந்து பழகு என்பது நல்ல யோசனைதான். ஆனால் நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாசஞ்சரில் குழித்துறைக்கும் பாறசாலைக்கும் நடுவில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

ஆய்வுப்பொருள் அயல்நாட்டில் வாய்க்கும் தற்செயல் நட்பு, ஆய்வுக்களம் திருவனந்தபுரம். அது எப்படி அயல்நாடு ஆகும் என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும் என்பதால் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. முந்தின நாள் வரை அந்த மக்களுக்குத் திருவனந்தபுரம் தலைநகர். விடிந்தால் அது வெளிமாநிலம். பெட்டி கட்டாமல், வண்டி ஏறாமல், உட்கார்ந்த திண்ணையில் உட்கார்ந்தபடியே அயலார் ஆனவர்கள் இவர்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. நிற்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அரண்மனைக்கே இந்த நிலை என்றால், திருவனந்தபுரத்துக் கரமனையில் வாடகைக்கு வீடு பார்க்க வந்த தென்காசிக்காரர் அந்நிய தேசத்தில் இறங்கியவர்போல முழிப்பதில் தப்பே இல்லை. தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வருகிறது. ஆட்டோக்காரர் மீட்டர் போடுகிறார், மீதிச் சில்லறையும் தருகிறார். இது அயல்நாடுதான்.

இனிக் கருதுகோள். தற்செயல் நட்புக்குக் காரணம் குணமும் அல்ல, ரசனையும் அல்ல, தாமதம். எந்த வண்டியும் நேரத்துக்கு வந்தால் எவரும் எவரோடும் பேசமாட்டார்கள். தலைசிறந்த சான்று லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்த கட்டடக்கலைஞர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனாவில் மருத்துவப் பணி செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பல் கிடைக்காமல் பம்பாயில் சில மாதம் காத்துக் கிடந்தார். அப்போது அறிமுகமானவர் காந்தி. பேச்சு பேக்கர் காலில் இருந்த செருப்பில் தொடங்கியதாகச் சொல்வார்கள். பழந்துணியில் தானே தைத்துக்கொண்ட செருப்பு அது. ஊருக்குப் போன பேக்கர் 1945இல் இந்தியாவுக்கே திரும்பினார், கடைசியில் திருவனந்தபுரத்துக்காரர் ஆனார், 2007இல் இங்கேயே காலமானார். கப்பல் கம்பெனி ஒழுங்காக வேலை செய்திருந்தால் கேரளத்தில் பாதிச் செங்கல் வீடுகள் இல்லாமல் போயிருக்கும்.

பேக்கர் இந்தக் கடனைத் திருவனந்தபுரத்துத் தம்பானூரில் திருப்பிக் கொடுத்தார். ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் பக்கத்தில் செங்கல் நிறத்தில் சுருண்டு நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் வரைந்தது. உள்ளே மாடிப்படி கிடையாது, மாடி என்று தனியாகவும் கிடையாது. வட்டமாக ஏறிக்கொண்டே போகும் ஒரே சரிவுப் பாதை. அதன் ஓரத்தில் சிமெண்டு மேசையும் பெஞ்சும். இடம் தேடி மேலே போகிறவர் ஒவ்வொரு மேசையையும் கடந்துதான் போக வேண்டும். கூட்ட நேரத்தில், “இங்க ஆளு உண்டோ?” என்று கேட்டுவிட்டு எதிரே உட்காருவார். உங்கள் மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக எட்டிப் பார்க்கும், நீங்கள் திடுக்கிடுவீர்கள். அவர் அதைக் கவனித்து, “முதல் தடவையா?” என்பார். வெள்ளை உடையும் விசிறி வைத்த தலைப்பாகையுமாகப் பரிமாறுகிறவர் பில்லோடு வருவதற்குள், மெடிக்கல் காலேஜ் பக்கம் எந்த லாட்ஜில் தங்கலாம், எந்த லாட்ஜில் கூடாது என்பது வரை தெரிந்திருக்கும். நட்புக்காகவே கட்டிய உணவகம் இது என்று பேக்கர் எங்கும் சொல்லவில்லை. இடம் சின்னது, அதனால் அப்படி வரைந்தார். ஆனால் ஆய்வாளன் கட்டினவர் நினைப்பைப் பார்க்கக்கூடாது, விளைவைப் பார்க்க வேண்டும்.

அடுத்து ரயில் பிரிவு. திருவனந்தபுரம் - நாகர்கோவில் பாதை 1979இல் திறந்தது, ஒற்றைப் பாதையாக. எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கும்போதுதான் ஆய்வுக்குரிய நிகழ்வுகள் அத்தனையும் நடக்கின்றன. அவற்றில் தலையானது, ஊர் கேட்டல். நேரில் பதிவுசெய்த மாதிரி ஒன்று:

“தம்பிக்கு எந்த ஊரு?”

“தென்காசிப் பக்கம்.”

“பக்கம்னா?”

“கடையம்.”

“கடையத்துல எங்க?”

“ஸ்டேஷன்கிட்ட.”

“அட! எங்க சித்தப்பா மக அங்கதான டீச்சரா இருந்தா, உசரமா, கண்ணாடி போட்டு?”

“ஆமாமா, கேள்விப்பட்டிருக்கேன்.”

கேள்விப்படவில்லை. அந்த டீச்சரைத் தம்பிக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் அந்த நொடியில் கேட்டவர் காலை மடக்கிக்கொண்டு ஜன்னலோரத்தில் இடம் விடுகிறார். எவர்சில்வர் டப்பாவின் மூடியில் எலுமிச்சைச் சாதமும் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயும் வருகின்றன. முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள் என்று ரயில்வே எழுதி வைத்திருக்கிறது, சரிதான். இவர் முன்பின் தெரியாதவர் இல்லையே, டீச்சருக்கு அண்ணனாயிற்றே. இரட்டைப் பாதை வேலை இப்போது நடந்துகொண்டிருப்பதை இத்துறை கவலையோடு பார்க்கிறது.

சாலைக் கடைத்தெருவில் தாமதம் வேறு வடிவம் எடுக்கிறது: தராசு காலியாகக் காத்திருத்தல். திவான் ராஜா கேசவதாசர் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் இந்தத் தெருவில் தமிழ் மட்டும் தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். ஆ. மாதவன் இங்கேதான் கடை நடத்திக்கொண்டே கதையும் எழுதினார். புதிதாகக் குடிவந்தவர் இங்கே துவரம்பருப்பு வாங்க வருகிறார். பருப்போடு ஒரு வக்கீல், ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், ஒரு பிளம்பர் ஆகியோரின் நட்போடு திரும்புகிறார். மூன்றில் பிளம்பரே நீடிப்பார்.

ஆற்றுகால் பொங்கலைத் தனி நூலாக எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. கண்ணகியோடு தொடர்புபடுத்தப்படும் கோயில் அது. மாசி மாதப் பூர நாளில் பெண்கள் கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வீதி வீதியாக அடுப்பு வைக்கிறார்கள். 2009இல் 25 லட்சம் பேர் என்று கின்னஸ் பதிவு. அடுப்பு என்பது மூன்று செங்கல். உங்கள் மூன்றாவது செங்கல்லுக்கும் அடுத்தவர் முதல் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்க இடம் இருக்காது. கோயில் அடுப்பில் மூட்டிய தீ, அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறி வர வேண்டும். அதுவரை வெயிலில் காத்திருக்க வேண்டும். தாமதத்தோடு நெருக்கமும் பொதுத் தீயும் ஒன்றுகூடும் வேறொரு களம் நான் அறிந்தவரை இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மாளும் கொல்லத்திலிருந்து வந்த அம்மாளும் மதியத்துக்குள் மருமகள்களைப் பற்றிக் கருத்தொருமை எட்டிவிடுகிறார்கள். செங்கல்லை மாநகராட்சி பிறகு எடுத்துக்கொண்டு போய் ஏழைகளுக்கு வீடு கட்டுகிறது.

ஆர்.சி.சி. என்று எல்லோரும் சொல்லும் மண்டலப் புற்றுநோய் மையத்தின் வராந்தாவைப் பற்றியும் எழுத வேண்டும், ஆனால் அங்கே ஆய்வுமொழி சரிப்படவில்லை. குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து நோயாளியோடு கூட வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் வரிசையில் இடம் பிடிக்கிறார்கள், கஞ்சி வாங்கி வருகிறார்கள். அங்கே யாரும் ஊர் கேட்டு வட்டத்தைச் சுருக்குவதில்லை. எந்த டாக்டர் என்று மட்டும் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒடுக்கம். நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து மூன்று தெய்வங்கள் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன: அரண்மனைச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. சரஸ்வதி யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். ஏசி கோச்சும் ஸ்லீப்பரும் அங்கேயும் உண்டு. வழியில் இரவுகளில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் ஒன்றாகத் தங்குகிறார்கள். களியக்காவிளை எல்லையில் போலீஸ் மரியாதை. ஆனால் நகருக்குள் வந்ததும் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், குமாரசுவாமி ஆரியசாலைக்கும், நங்கை செந்திட்டைக்கும் பிரிந்துவிடுகிறார்கள். விழா முடிந்து ஊர் திரும்பத்தான் மறுபடி சேருகிறார்கள். வழிநட்பு வழியோடு நிற்பதே மரபு என்பதற்குத் தெய்வ சாட்சி இது.

மனிதர்கள் இந்த மரபை மீறி நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள். பெயர் கேட்கக் கூச்சப்பட்டு ‘ட்ரெயின் அண்ணாச்சி’ என்று பதிந்துகொள்கிறார்கள். என் போனிலும் ட்ரெயின் அண்ணாச்சி என்று பலர் இருக்கிறார்கள். தினமும் காலை வணக்கமும் பூச்செண்டும் வருகின்றன, எந்த அண்ணாச்சி அனுப்புகிறார் என்று தெரியவில்லை. எனவே இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: நம்பர் வாங்கினால், இறங்குவதற்குள் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.